நீலகிரி ஏற்றத்தில் பழைய கார்புரேட்டர் கார் மிஸ்ஸிங் அடித்தால்

மலையடிவாரக் கல்லாறு தாண்டி ஊட்டி ஏற்றம் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் வண்டி திக்குகிறது (மிஸ்ஸிங் என்பது இதுதான்), காலைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடுகிறது. பிரீமியர் பத்மினி, அம்பாசிடர், கார்புரேட்டர் காலத்து மாருதி 800, பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருக்கும் புகார் இது. உடனே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவதுதான் வழக்கம். பல நேரம் கோளாறு அங்கே இருக்காது. கழற்றி மாட்டியதில் புளோட் லெவலும் (அதன் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம்) மாறிப்போய், ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

ஸ்பேனரை எடுக்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் திக்குகிறதா, பாரம் இழுப்பதால் திக்குகிறதா, இரண்டும் சேர்ந்து சில நொடிகள் நீடித்தால் மட்டும் திக்குகிறதா? சமவெளியில் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மலையில் சுலபம்.

முதலில் இறக்கம். ஊட்டியிலிருந்து குன்னூர் பக்கம் இறங்கும்போது, வளைவில்லாத ஒரு துண்டில் செகண்ட் கியரில் லேசாக மட்டும் ஆக்சிலேட்டர் கொடுத்து இன்ஜினை வேகமாகச் சுற்றவிடுங்கள். ஆர்பிஎம் (சுற்று வேகம்) அதிகம், பாரம் கிட்டத்தட்ட இல்லை. இங்கேயே திக்கினால் பெட்ரோல் பற்றாக்குறையாக இருக்க வாய்ப்பு குறைவு. பிளாட்டினம் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் முனைகள்), காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தருவது), டெல்கோ (ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர்) ஷாஃப்ட், வால்வு ஸ்பிரிங் பக்கம் போங்கள். ஆக்சிலேட்டரை முழுக்க விட்டபோது சைலன்சரில் மட்டும் பட்பட்டென்று வெடித்தால் அது மிஸ்ஸிங் அல்ல. சைலன்சர் குழாயில் எங்கோ காற்று புகுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஏற்றத்தில் மெதுவாக. தேர்ட் கியரில், குறைந்த வேகத்தில், நான்கைந்து நொடி முழு ஆக்சிலேட்டர். இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு அதிக வோல்ட் வேண்டும். இங்கே திக்கினால் பிளக், பிளக் வயர், டெல்கோ கேப் மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் கலவையில் பெட்ரோல் அதிகம்.

மூன்றாவது, அதே ஏற்றத்தில் செகண்ட் கியரில் முழு ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி இருபது நொடி. முதல் எட்டுப் பத்து நொடி நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு திக்கத் தொடங்கினால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். 1,089 சிசி பத்மினி இன்ஜின் முழு இழுவையில் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி குடிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் நிற்பது சில பத்து மில்லிதான். அந்த இருப்பு தீரும்வரை ஓடும், தீர்ந்ததும் திக்கும், காலை எடுத்தால் கிண்ணம் நிரம்பி மறுபடி ஓடும்.

மூன்றாவது சோதனையில் திக்கும் அந்த நேரத்திலேயே சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் கைப்பிடி) கால்வாசி இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமாகி பின்னால் கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம். எந்த மாற்றமும் இல்லையென்றால் கரண்ட் பக்கம். ஐந்து நொடி வேலை இது, ஆனால் பாதி நோயை இதிலேயே பிரித்துவிடலாம். கூட ஒருவரை உட்கார வைத்து அவர் கையால் இழுக்கச் சொல்வது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் எந்தச் சோதனையும் வேண்டாம்.

சோக் இழுத்துத் தெளிந்த வண்டிக்கு, டேங்கிலிருந்து முன்னோக்கி வரிசையாகப் போக வேண்டும். திக்கியவுடன் ஓரம் கட்டி டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்து அதே ஏற்றத்தில் மறுபடி ஓட்டினால் உறுதியாகிவிடும். செலவே இல்லாத கோளாறு இது, ஆனால் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

பிறகு ரப்பர் ஹோஸ். இப்போது பெட்ரோல் பங்குகளில் பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி, உள் பக்கம் உப்பி உரியும். வெளியே பார்த்தால் புதிதாகத்தான் தெரியும். ஹோஸைக் கழற்றி மடக்கிப் பாருங்கள். கறுப்புத் தூள் விரலில் ஒட்டினால் எத்தனால் தாங்கும் ஹோஸாக மொத்தத்தையும் மாற்றுங்கள். டேங்க் முதல் ஏசி பம்ப் (இன்ஜினால் இயங்கும் பெட்ரோல் பம்ப்) வரையுள்ள பகுதியில் ஹோஸிலோ கிளிப்பிலோ சிறு விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். கசிவைத் தேடினால் கிடைக்காத கோளாறு அது. மூடுபனியிலும் மழையிலும் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்குக்குள் ஈரம் சேரும். எத்தனால் அதை உறிஞ்சி, அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால், இரண்டு அடுக்காகத் தெரிகிறதா, துரு அடியில் படிகிறதா என்று தெரியும்.

ஏசி பம்புக்கு அளவு பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது. காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகும் நடு வயரைக் கழற்றி பாடியில் எர்த் செய்யுங்கள். கார்புரேட்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி அளவுள்ள பாட்டிலுக்குள் விட்டு, பதினைந்து நொடி வீதம் இரண்டு தடவை ஸ்டார்ட்டர் அடியுங்கள். 200 மில்லி அளவுக்குக் கனமாகப் பீச்சினால் பம்ப் நல்லது. 100 மில்லிக்குக் கீழே என்றாலோ நுரையும் குமிழியுமாக வந்தாலோ டயஃப்ராம் (பம்பின் உள் சவ்வு) தளர்ந்திருக்கும், வால்வு உட்காராமல் இருக்கும், அல்லது மேலே சொன்ன காற்றுக் கசிவு. பம்ப் கிட் மாற்றும்போது அடியில் வைக்கும் பேக்கிங் தடிமனைப் பழையபடியே வையுங்கள். தடிமன் கூடினால் ஆர்ம் முழு தூரம் நகராது. புது பம்பும் குறைவாகத்தான் தள்ளும்.

பம்ப் நன்றாகத் தள்ளியும் திக்கினால் கார்புரேட்டர் வாசலில் உள்ள சின்ன வலை ஃபில்டர், நீடில் வால்வு (கிண்ணத்துக்கு வரும் பெட்ரோலைத் திறந்து மூடுவது), புளோட் லெவல், மெயின் ஜெட் (முழு இழுவையில் பெட்ரோல் போகும் துளையுள்ள பித்தளைத் துண்டு) என்ற வரிசை. ஜெட்டைக் கம்பியால் குத்தவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் திரும்ப வராது. கார்ப் கிளீனர் அடித்து, காற்றழுத்தத்தால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

மெயின் ஜெட் அளவைப் பற்றி மலையில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு: ஊட்டி வண்டிக்கு ஜெட்டைக் குறை. அதற்குக் காரணம் சரியானதே. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி சுமார் 80 சதவீதம்தான். கார்புரேட்டர் காற்றின் கன அளவைத்தான் உணரும், எடையை உணராது. அதனால் அங்கே கலவையில் ஏறக்குறைய 12 சதவீதம் பெட்ரோல் கூடிவிடும். ஆனால் கணக்கில் இப்போது இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட் வழியாக இ20 போனால் கலவை சுமார் 7 சதவீதம் வறண்டுவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைந்துவிடும். மலை கூட்டியதில் பாதிக்கு மேல் பெட்ரோலே கழித்துவிடுகிறது.

ஆகவே கம்பெனி ஜெட்டோடு உள்ள வண்டிக்கு இன்றைய பெட்ரோலில் ஊட்டியில் பெரும்பாலும் ஜெட் மாற்றத் தேவையில்லை. எப்போதோ மலைக்காக ஜெட் குறைத்த வண்டிதான் இப்போது அதிக ஆர்பிஎம்மில் வறண்டு திக்கும். சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டரின் ஜெட்டில் எழுதியிருக்கும் எண் துளையின் விட்டம், மி.மீ.-இன் நூறில் ஒரு பங்குக் கணக்கில்: 125 என்றால் 1.25 மி.மீ. 125-ஐ 120 ஆக்கினால் விட்டம் 4 சதவீதம்தான் குறைகிறது, ஆனால் பெட்ரோல் போகும் பரப்பு 8 சதவீதம் குறைகிறது. ஒரே ஒரு படி மாற்றமே பெரிய மாற்றம். உங்கள் கார்புரேட்டரில் என்ன எண் இருக்கிறது, அந்த மாடலுக்கு என்ன எண் இருக்க வேண்டும் என்று பார்த்து, சிறிதாக இருந்தால் பழைய அளவுக்குத் திரும்புங்கள். வறண்ட கலவையோடு மேட்டுப்பாளையம் இறங்கி கோவை வரை வேகமாக ஓட்டினால், அடர்ந்த காற்றில் அது இன்னும் வறளும். எக்சாஸ்ட் வால்வு கருகுவது அப்படித்தான்.

சந்தேகம் இருந்தால் பிளக்கைப் படியுங்கள், ஆனால் ஐடிலில் நின்ற பிளக்கைப் பார்த்துப் பயனில்லை. ஏற்றத்தில் முழு இழுவையில் இருக்கும்போதே கிளட்ச் மிதித்து இக்னிஷனை ஆஃப் செய்து ஓரம் நிறுத்துங்கள். சாவியை வெளியே எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஏற்றத்தில் செய்வதால் வண்டி தானாக நின்றுவிடும். இறக்கத்தில் ஒருபோதும் செய்ய வேண்டாம். உலர்ந்த கரி பெட்ரோல் அதிகம் என்று சொல்லும். வெள்ளையாக, கொப்புளமாக இருந்தால் வறட்சி. பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரில் ஸ்பார்க்கே இல்லை. ஈயமில்லாத பெட்ரோலில் நிறம் வெளிறித்தான் இருக்கும், அதனால் பீங்கானின் நுனியை விட அடியில் உள்ள வளையத்தின் நிறத்தை நம்புங்கள்.

பெட்ரோல் அதிகம் என்று தெரிந்தால் முதலில் ஏர் ஃபில்டர். தேயிலைத் தோட்டத்து மண் சாலைகளில் ஓடும் வண்டியில் அது சீக்கிரமே அடைந்துவிடும். அடுத்து முழுக்கத் திறக்காத சோக், பெட்ரோல் குடித்துக் கனத்த புளோட், நீடில் வால்வு தேய்மானம். ஏர் ஜெட் (பெட்ரோலோடு காற்றைக் கலக்க விடும் சிறு துளை) அடைந்தாலும் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டைச் சுத்தம் செய்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

இறக்கத்திலும் திக்குகிற வண்டிக்கு டெல்கோவைத் திறங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 133 ஸ்பார்க் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் காயில் நிரம்பக் கிடைப்பது ஐந்து மில்லி செகண்டுக்கும் குறைவு. பிளாட்டினம் இடைவெளி அதிகமானால் அந்த நேரம் இன்னும் சுருங்கும். பொதுவாக 0.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், உங்கள் டெல்கோவுக்கான சரியான எண்ணை மேனுவலில் பாருங்கள். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. பிளாட்டினத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் இருந்தால் கண்டென்சரையும் (பிளாட்டினத்தில் பொறி பறப்பதைக் குறைப்பது) சேர்த்து மாற்றுங்கள். பிளாட்டினம் ஸ்பிரிங் தளர்ந்தால் வேகத்தில் அது துள்ளும், கண்ணுக்குத் தெரியாது. ரோட்டரைப் பிடித்து ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் போயிருக்கிறது, இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது.

டெல்கோவுக்குள் பிளாட்டினம் தட்டுக்குப் போகும் சின்ன வயரையும் இழுத்துப் பாருங்கள். வேக்யூம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை மாற்றும் பாகம்) தட்டைத் திருப்பும்போதெல்லாம் அது மடங்கி, மேலுறைக்குள்ளேயே இழைகள் அறுந்து தொங்கும். ஆக்சிலேட்டரின் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் கட் ஆகும் விசித்திரக் கோளாறுகளில் பல இதுதான். காயிலுக்கு வரும் கரண்டில் சந்தேகம் என்றால், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயில் பிளஸ்ஸுக்குத் தற்காலிகமாக ஒரு வயர் போட்டு ஓட்டிப் பாருங்கள். தெளிந்தால் சாவி சுவிட்சோ ஃபியூஸ் முனையோ காரணம். அந்த வயர் இருக்கும்வரை சாவியால் இன்ஜின் நிற்காது, வயரைக் கழற்றினால்தான் நிற்கும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைப்பது) உள்ள வண்டியில் சில நிமிடங்களுக்கு மேல் இப்படி ஓட்டாதீர்கள், காயில் சூடேறிவிடும்.

கேப்பும் பிளக் வயர்களும் மூடுபனியில்தான் தங்கள் குணத்தைக் காட்டும். இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது ஸ்பிரேயரால் தண்ணீரை மெல்லிய பனியாக அடியுங்கள். நீலப் பொறி எங்கே ஊர்கிறதோ அங்கே கசிவு. கேப்பின் உள்ளே பென்சில் கோடு போல் கரித்தடம் தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

நேரத்துக்கும் வானிலைக்கும் ஏற்ப வந்து போகும் மிஸ்ஸிங் இரண்டு உண்டு. வெயில் நேரத்தில், ஏற்றத்தின் கீழ்ப் பகுதியிலுள்ள பர்லியாரிலிருந்து செகண்ட் கியரிலேயே ஏறி வந்து திக்கினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. உயரம் கூடக் கூடப் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டதும் சரியானால் அதுதான். குழாயை எக்சாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். இதற்கு நேர்மாறானது குளிர்காலத்து ஈரக்காற்றில் ஊட்டியில் வரும். கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ந்து, காற்றின் ஈரம் பனிக்கட்டியாகப் படியும். வண்டி மெல்ல மெல்லச் சக்தி இழக்கும், நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். நிறுத்திய உடனே ஏர் கிளீனரைத் திறந்து பார்த்தால்தான் கட்டி தெரியும். ஏர் கிளீனரின் மூக்கைத் திருப்ப முடிகிற வண்டியில் குளிர்காலத்துக்கு எக்சாஸ்ட் பக்கம் திருப்பி வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி, வால்வு ஸ்பிரிங், உள்ளே துருப்பிடித்து அடைந்த சைலன்சர். சைலன்சருக்கு வேக்யூம் கேஜ் (இன்ஜினின் உறிஞ்சலை அளக்கும் கருவி) போதும். 2,500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்தால் முள் மெல்லக் கீழே சரிந்துகொண்டே போகக் கூடாது. கேஜை மலையில் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உயரம் ஆயிரம் அடி கூடினால் ஓர் அங்குலம் (பாதரச அளவு) குறையும். சமவெளியில் ஐடிலில் 18 முதல் 20 அங்குலம் காட்டும் நல்ல இன்ஜின், ஊட்டியில் 11 முதல் 13தான் காட்டும். அதைப் பார்த்து பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரித்துவிட வேண்டாம்.

டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரம்) ஊட்டியில் இரண்டு டிகிரி முன்னே வைத்தால் இழுவை கூடும், சிலிண்டர் அழுத்தம் குறைவு என்பதால் தட்டலும் வராது. அப்படி வைத்த வண்டியை மேட்டுப்பாளையத்தில் முழு பாரத்தோடு தேர்ட் கியரில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கிணுகிணுவென்று தட்டினால் அங்கேயே டெல்கோவைப் பழைய குறிக்குத் திருப்பிவிட்டுத்தான் மேற்கொண்டு ஓட்ட வேண்டும்.