மணல்மேட்டில் குவாட் பைக்: வளைகுடாவுக்குப் போகும் திருகோணமலைக்காரர்களுக்கு

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், டவுன் என்று நம்ம பக்கத்தில் எங்கே போனாலும் துபாயிலோ கட்டாரிலோ வேலை செய்யும் ஒருவர் இல்லாத தெரு குறைவு. அவர்களைப் பார்க்க விசிட் விசாவில் போகிறவர்களும் இப்போது நிறையப் பேர். போனால் லீவு நாளில் அங்கே இருக்கும் அண்ணனோ மச்சானோ பாலைவனத்துக்குக் கூட்டிப் போவார், மணல்மேட்டில் குவாட் பைக், அதாவது நாலு பெரிய சில்லு வைத்த பைக், ஓடலாம் என்பார். ஆசையாக ஏறுங்கள், அந்த அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் ஏறுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. முக்கியமாக, பதினாறு பதினேழு வயதிலிருந்தே மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகிய நம்ம பெடியன்கள்தான் இதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். குவாட் பைக், மோட்டார் சைக்கிள் இல்லை. மோட்டார் சைக்கிளில் நம்மைக் காப்பாற்றும் பழக்கங்களே இங்கே காலை முறித்துவிடும்.

முதலில் காலம். நமக்கு மாரி மழை கொட்டும் நவம்பர், டிசம்பர், ஜனவரிதான் அங்கே பாலைவனத்துக்கு நல்ல காலம். மார்ச் வரைக்கும் தாங்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும், அப்போது போவதானால் விடியற்காலைச் சுற்று மட்டும்தான். கச்சான் காற்று அடிக்கும்போது நம்ம கரையில் மண் பறப்பது தெரியும்தானே, அங்கே வடமேற்கிலிருந்து ஷமால் என்று ஒரு காற்று அடிக்கும், அது அடிக்கிற நாளில் பத்தடிக்கு முன்னால் போகிறவரைக்கூடச் சரியாகப் பார்க்க முடியாமல் போகலாம். அப்படியான நாளில் கம்பனிக்காரர் 'பரவாயில்லை வாங்க' என்றாலும் திகதியை மாற்றக் கேளுங்கள்.

நாளுக்குள் எந்த நேரம் என்றால், காலையிலோ பின்னேரத்திலோ. வெயில் மட்டும் காரணமில்லை. உச்சி வெயிலில் மணலில் நிழல் குறைவாகத்தான் விழும், எது மேடு, எது பள்ளம், எங்கே விளிம்பு என்று கண்ணுக்குத் தெரியாமல் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். சூரியன் சரிந்திருக்கும்போது ஒவ்வொரு வளைவும் தனித்தனியாகத் தெரியும். சூரியன் மறைவதைப் பார்க்கும் சுற்று என்றால், இருட்டுவதற்கு முன் முகாமுக்குத் திரும்பிவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடங்கள் பல உண்டு. துபாயிலிருந்து ஹத்தா போகும் பாதையில் லஹ்பாப், ஷார்ஜா எல்லைக்குள் எல்லோரும் பிக் ரெட் என்று சொல்லும் அல் பதாயர், கட்டாரில் மிசையீத் பக்கம் சீலைன், ஓமானில் முன்பு வஹீபா என்று அழைத்த ஷர்கியா மணல்வெளி. எங்கே போனாலும் விஷயம் ஒன்றுதான், வழிகாட்டியோடு போங்கள். இங்கே ஒரு கவனம் வேண்டும். 'டெசர்ட் சஃபாரி, குவாட் பைக்கும் சேர்த்து' என்று விற்கும் சில பொதிகளில் குவாட் என்பது வேலி அடித்த சின்ன இடத்தில் கொஞ்ச நேரம் வட்டமடிப்பதுதான், வழிகாட்டி இருக்க மாட்டார். அதுவும் வேறு சில இடங்களில் ரோட்டோரம் குவாட்களை வரிசையாக நிறுத்திவிட்டு, காசை வாங்கிக்கொண்டு சாவியைக் கையில் தந்து 'எங்கேயும் போ' என்று விடுவார்கள். மலிவாக இருக்கும். முதல் தடவைக்காரருக்கு அதைவிட ஆபத்தான ஏற்பாடு வேறில்லை, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பதிவு செய்யும் முன் வாட்ஸ்அப்பில் இவற்றைக் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவர் முன்னால் தன் குவாட்டில் வருவாரா அல்லது ஜீப்பில் இருந்து பார்ப்பாரா, ஆள் கூடினால் கடைசியில் இன்னொருவர் வருவாரா, புறப்படும் முன் தட்டையான இடத்தில் பழக்குவார்களா, ஹெல்மெட்டும் கண்ணாடியும் தருவார்களா, வண்டிக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு, எவ்வளவு வரைக்கும். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பயணக் காப்புறுதி எடுத்திருந்தாலும் அந்தப் பத்திரத்தைத் திறந்து பாருங்கள், பல காப்புறுதிகளில் குவாட் பைக் விலக்கப்பட்ட விளையாட்டுகளில் ஒன்றாக இருக்கும். அங்கே வைத்தியசாலைச் செலவு நம்ம ஊர் மாதிரி இல்லை.

வண்டியைத் தெரிவு செய்யும்போது பெரிய எஞ்சினைக் காட்டி ஆசை காட்டுவார்கள். 700 சிசி வண்டி முதல் தடவைக்கு வேண்டாம். அதிலும் கியர் மாற்றும் ஸ்போர்ட் வகை என்றால் கிளச், கியர், மணல், சரிவு என்று ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டி வரும். 250 முதல் 400 சிசி வரையான ஆட்டோமேட்டிக் போதும், மணல்மேடு ஏறுவதற்குத் தேவையான இழுவை அதில் இருக்கிறது. உங்கள் கவனம் முழுவதும் தரையில் இருக்க வேண்டும்.

உடுப்பு விஷயத்தில் நம்ம ஆட்கள்தான் அதிகம் கவனக்குறைவு, செருப்போடு போய் நிற்பார்கள். கணுக்காலை மூடும் சப்பாத்து, நீளக் காற்சட்டை, நீளக் கைச்சட்டை. முகத்துக்கு ஒரு பருத்தித் துணி. சால்வை, துப்பட்டா தொங்கவிட்டபடி ஏறக் கூடாது, சில்லில் சுற்றினால் கழுத்தை இழுக்கும், உள்ளே சொருகிக் கட்டுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேல் பொருந்தும் பெரிய கொகிள்ஸ் கேளுங்கள். ஹெல்மெட்டின் நாடிப் பட்டியைப் பூட்டிய பிறகு தலையை ஆட்டிப் பாருங்கள், ஹெல்மெட் தனியாக ஆடினால் வேறு அளவு கேளுங்கள். போனை ஜிப் வைத்த பையில் போடுங்கள். அங்குள்ள மணல் மா போல நைஸ், சார்ஜ் ஏற்றும் துளைக்குள் போனால் எடுப்பது கஷ்டம்.

சரி, இனி வண்டி. அக்சிலரேட்டர் நாம் முறுக்கிப் பழகியது போல் இருக்காது. வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், கட்டை விரலால் தள்ள வேண்டும். பயந்து கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது அந்த விரலும் சேர்ந்து தள்ளும், வண்டி பாயும். ஆகவே பயம் வந்தால் முதலில் கட்டை விரலை எடுக்கப் பழகுங்கள், தட்டையான இடத்தில் இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். எஞ்சினை உடனே நிறுத்தும் சிவப்புச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரேக் எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும், வழிகாட்டியிடம் கேட்டு, உட்கார்ந்தபடியே பிடித்துப் பாருங்கள்.

இப்போது மோட்டார் சைக்கிள்காரர்களின் விஷயம். மோட்டார் சைக்கிள் சரிந்தால் நாம் யோசிக்காமலே காலை ஊன்றுவோம். குவாட்டில் காலை ஊன்றினால் பின் சில்லு அந்தக் காலின் மேல் ஏறும். வண்டி 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். என்ன நடந்தாலும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை, இரண்டு காலும் மிதியின் மேல்தான். இதை ஒருவர் மனதில் பதியவைத்தாலே நான் இவ்வளவு எழுதியதற்குப் பலன்.

அடுத்தது திரும்புவது. மோட்டார் சைக்கிளில் வண்டியைச் சரித்துத் திரும்புவோம். குவாட் சரியாது. பல குவாட்களில் பின் சில்லு இரண்டும் ஒரே அச்சில் ஒன்றாகச் சுற்றுவதால் அது நேரே போகத்தான் பார்க்கும். அதனால் வேகத்தைக் குறைத்து, போகும் பக்கம் ஹேண்டிலைத் திருப்பி, உங்கள் உடம்பையும் திரும்பும் பக்கமாகச் சாய்க்க வேண்டும். த்ரீவீலர் ஓடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும், வேகமாக வளைத்தால் ஒரு பக்கச் சில்லு தூக்குவது அவர்களுக்குத் தெரிந்ததுதானே. சீட் நீளமாக இருப்பது இப்படி உடம்பை முன்னும் பின்னும் பக்கமும் நகர்த்துவதற்காக, இன்னொருவரை ஏற்றுவதற்காக இல்லை. இரண்டு பேருக்கென்று செய்த வண்டி அல்லாவிட்டால் மனைவியையோ பிள்ளையையோ பின்னால் ஏற்றாதீர்கள்.

மணல்மேட்டை எப்படிப் பார்ப்பது? நிலாவெளியில் அலை நனைக்கும் இடத்தில் சைக்கிள்கூட ஓடலாம், கொஞ்சம் மேலே காய்ந்த மணலுக்கு வந்தால் கால் புதையும். பாலைவனம் முழுக்க அந்தக் காய்ந்த மணல்தான், ஆனால் அதிலும் இரண்டு முகம் உண்டு. காற்று வரும் பக்கம் மெல்லிய சரிவு, மணல் இறுகியிருக்கும், ஏறுவதற்கு அதுதான் வழி. மறுபக்கம் காற்று கொண்டுபோய்க் கொட்டிய மணல், தளர்வாக, செங்குத்தாக விழும். காய்ந்த மணல் 34 பாகை அளவுக்குத்தான் சரிந்து நிற்கும், அதற்கு மேல் தானே வழியும், அந்த முகம் எப்போதும் அந்த எல்லையில்தான் நிற்கிறது. கீழேயிருந்து ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மேட்டின் உச்சியை வேகத்தில் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் பள்ளமாக இருக்கலாம், அல்லது வேறு ஒருவர் நின்றுகொண்டிருக்கலாம். மணல்மேட்டில் மோசமாக அடிபடும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஏறும்போது அடிவாரத்திலேயே தேவையான வேகத்தை எடுத்து, அதே அளவில் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, நேராக ஏறுங்கள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் விரலைத் தளர்த்துங்கள், வண்டி மெல்ல மேலே வந்து நிற்கும். இறங்கும்போது நேர் கீழே, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கைத் தொடாமல். முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சில்லு மணலுக்குள் குத்தி, பின்பக்கம் உங்கள் தலைக்கு மேலே வரும். சரிவில் குறுக்காக ஓடுவதைத் தவிருங்கள், வண்டி உருளுவது அப்படித்தான். ஏறும் வழியில் சக்தி போதாமல் நின்றுவிட்டால் வளைத்துத் திருப்பப் பார்க்க வேண்டாம். பிரேக்கைப் பிடித்து, முன்னுக்குச் சாய்ந்து, எஞ்சினை நிறுத்தி, மேட்டுப் பக்கமாக இறங்கி நின்று கையை உயர்த்துங்கள். வழிகாட்டி வருவார், அதற்குத்தான் அவருக்குக் காசு கொடுத்திருக்கிறோம். வண்டி சரியத் தொடங்கினால் பிடித்து நிறுத்த முயல வேண்டாம், அதை விட்டு விலகிவிடுங்கள்.

புதைந்தால் விரலைத் தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும். உடனே நிறுத்தி, இறங்கி, சில்லுக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் வாரி, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க வேண்டும். குவாட் டயரில் காற்று வேண்டுமென்றேதான் குறைவாக விட்டிருப்பார்கள், டயர் அகன்று மணலின் மேல் மிதப்பதற்காக. அதைப் பார்த்து 'காற்று இல்லை' என்று பயப்பட வேண்டாம்.

கூட்டமாகப் போகும்போது ஒருவர் பின் ஒருவராக, வழிகாட்டியின் தடத்திலேயே. அவர் அந்த மேடுகளை நேற்றும் ஓடியிருப்பார், இரவுக் காற்றில் எது மாறியிருக்கிறது என்று பார்த்தவுடன் அறிவார். மேடு வந்தால் முன்னவர் தாண்டி, வழிகாட்டி கை காட்டும் வரை அடிவாரத்திலேயே நில்லுங்கள். கூட்டத்தில் யார் அதிகம் பயப்படுகிறாரோ அவரை வழிகாட்டிக்கு அடுத்ததாக விடுங்கள், கடைசியில் விட்டால் எட்டிப்பிடிக்கும் அவசரத்தில் தன் அளவுக்கு மீறி ஓடுவார். வண்டியின் பின்னால் ஆடும் உயரமான கொடி, மேட்டுக்கு அப்பால் நிற்பவரைக் காட்டுவது, அது உடைந்த வண்டியை எடுக்காதீர்கள். பல வழிகாட்டிகள் உருது அல்லது ஹிந்தி பேசுவார்கள், சில இடத்தில் மலையாளமும் கேட்கும். மொழி சரிவராவிட்டால் நில், மெல்ல, வா என்ற மூன்றுக்குமான கைச் சைகையைப் புறப்படும் முன்பே கேட்டுப் பழகுங்கள்.

பிள்ளைகள் பற்றி: 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களின் குவாட்டை ஓடவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் அறிவுரை. 'ஒரு ரவுண்டுதானே அங்கிள்' என்று கெஞ்சினாலும் இளகாதீர்கள். கர்ப்பிணிகள், முதுகு, கழுத்து வலி உள்ளவர்கள், சத்திரசிகிச்சை செய்து அதிக நாள் ஆகாதவர்கள் முகாமில் தேநீரோடு இருக்கட்டும். இவர்களுக்காக என்று சொல்லி, இரும்புக் கூண்டும் சீட் பெல்ட்டும் உள்ள பக்கி வண்டியை எடுக்கச் சொல்வார்கள். அதுவும் குலுக்கும், வேண்டாம்.

ஓடி முடித்துவந்த சந்தோசத்தில் சிலர் 'நம்ம நிலாவெளியிலும் இப்படி நாலு குவாட் விட்டால் என்ன' என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாலைவனத்தின் மேடுகள் பரந்தவை, சுற்றுலாத் தடங்கள் ஒரு பகுதியில் மட்டும். நம்ம கரையில் இருப்பது ஒரு மெல்லிய வரி. அதை இராவணன் மீசையும் அடம்பன் கொடியும்தான் வேரால் பிடித்து வைத்திருக்கின்றன, சில்லு ஏறி அவை செத்தால் கச்சான் அடிக்கிற ஒரே பருவத்தில் மணல் நகர ஆரம்பிக்கும். 2004 இல் என்ன வந்தது என்று திருகோணமலையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடற்கரை மணல்மேட்டை அகற்றிய இடங்களில் அலை அதிக சேதம் செய்ததைப் பிறகு வந்த ஆய்வாளர்கள் யால பக்கத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். கடலாமை முட்டையிடுவதும் அந்த மணலில்தான். குவாட் ஓட ஆசையென்றால் ஓட வேண்டிய இடத்துக்குப் போய் ஓடுவோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, எடுக்கும் முன் நாலு பக்கமும் பிடித்த வீடியோவைப் போனில் வைத்திருங்கள், பழைய கீறலுக்குப் புதுக் காசு கேட்டால் அதைக் காட்டலாம். கட்டிய முற்பணத்தைத் திரும்ப வாங்காமல் ஊருக்குத் திரும்பும் வாகனத்தில் ஏறாதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், காய்ந்த காற்றில் வியர்வை தெரியாமலே போய்விடும். அடுத்த நாள் வலது கட்டை விரலும் முன்கையும் வலிக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும். காதுக்குள், மூக்குக்குள் சேர்ந்த மணலைக் குச்சி விட்டுக் கிண்டாமல் தண்ணீரால் கழுவுங்கள். கண் உறுத்தினால் கசக்க வேண்டாம், சுத்தமான தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவியும் போகாவிட்டால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.