அடுக்கு இரும்பு ஆக்சைடுகளின் காந்த அளவீடு: எங்கே சறுக்குகிறோம்?

அடுக்கு அமைப்பு என்றதும் அடுக்குகளுக்கு இடையே காந்தப் பிணைப்பு பலவீனமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். 2007-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு அறிவித்த ஸ்ட்ரான்சியம் இரும்பு ஆக்சைடைப் பாருங்கள். ஒரே தளத்தில் இரும்பு அணுக்களின் இடைவெளி ஏறத்தாழ 4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அடுக்குகளுக்கு நடுவே ஆக்சிஜனே கிடையாது; அதனால் மேலும் கீழும் உள்ள இரும்பு அணுக்கள் 3.5 ஆங்ஸ்ட்ராம் தூரத்திலேயே இருக்கின்றன. 473 கெல்வின் வரை எதிர் ஃபெர்ரோ காந்த ஒழுங்கு (அண்டை அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக அமைவது) நிலைக்கிறது. அழுத்தினால் அதே ஒழுங்கு இன்னும் வலுக்கும் என்று கோட்டை நீட்டிக்கொண்டே போவதும் தவறு. சுமார் 33 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் இரும்பின் ஸ்பின் (அணுவின் காந்தத்தன்மைக்கு அடிப்படையான எண்) 2-இலிருந்து 1-க்கு இறங்கி, மின்காப்பானாக இருந்தது ஃபெர்ரோ காந்த (காந்தத் திசைகள் ஒரே பக்கம் அமைந்த) உலோகமாகவே மாறிவிடுகிறது.

அதிகம் பேரை ஏமாற்றுவது கலப்படம்தான். இந்தச் சேர்மத்தைக் கால்சியம் ஹைட்ரைடால் ஒடுக்கித் (ஆக்சிஜனை நீக்கி) தயாரிக்கிறார்கள். ஒடுக்கம் கொஞ்சம் மிஞ்சினால் இரும்பே உலோகமாகப் பிரிந்துவிடலாம். எடையில் 0.1% இரும்பு இருந்தால் போதும், கிராமுக்கு 0.2 இஎம்யு (காந்தமாக்கத்தின் அலகு) அளவுக்குக் காந்தமாக்கம் வரும். எக்ஸ் கதிர்ப் படத்தில் இது தெரியாது. செம்புக் குழாய்க் கதிர் பட்டால் இரும்பு ஒளிர்ந்து பின்னணியை உயர்த்துவதால், சிறிய முகடுகள் அதில் மூழ்கிவிடும். ‘வலுக்குறைந்த ஃபெர்ரோ காந்தம் கண்டோம்’ என்ற அறிவிப்புகளைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. 120 கெல்வின் அருகே ஒரு மடிப்பு தெரிந்தால் முதலில் மேக்னடைட்டை (காந்தத்தன்மை கொண்ட இன்னொரு இரும்பு ஆக்சைடு) சந்தேகியுங்கள்; அதன் சொந்த மாற்றம் நிகழும் இடம் அது. ஒரே ஒரு காந்தப்புலத்தில் காந்தமாக்கத்தை அளந்து, அதை அந்தப் புலத்தால் வகுத்துவிடாதீர்கள். கலப்படம் தெவிட்டிய (அதன் காந்தமாக்கம் மேலும் கூடாத நிலையை எட்டிய) பிறகு, அதாவது சில டெஸ்லாக்களில், பல புள்ளிகள் எடுத்து அந்தக் கோட்டின் சரிவை மட்டும் கொள்ளுங்கள்.

திசையும் முக்கியம். செம்பு இரும்பு ஆக்சைடில் (டெலஃபோசைட்) முக்கோண வலைப்பின்னல். சுமார் 14, 11 கெல்வினில் இரண்டு காந்த மாற்றங்கள். புலத்தை அடுக்குகளுக்குச் செங்குத்தாக வைத்தால் ஏறத்தாழ 7 டெஸ்லாவில் இன்னொன்று. அதன் பிறகு மின்முனைவே தோன்றுகிறது. தூளில் அளந்தால் எல்லாத் திசைகளும் கலந்து, 7 டெஸ்லாவில் வர வேண்டிய அந்தத் திடீர் மாற்றம் மங்கிவிடும். தூள் தளர்வாக இருந்தாலோ துகள்களே புலத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும், மெழுகில் இறுக்குங்கள். அப்புறம், 11 கெல்வின் மாற்றம் முதல் வகையைச் (திடீரென நிகழ்ந்து, குளிர்விக்கும்போதும் சூடாக்கும்போதும் வேறு வேறு வெப்பநிலையில் வருவது) சேர்ந்தது. குளிர்விக்கும்போதும் சூடாக்கும்போதும் தனித்தனியாக அளக்காவிட்டால் மாற்றம் நிகழும் இடம் தவறாகப் பதியும்.

அழுத்தக் கலத்தில் (மாதிரியைத் திரவத்தில் வைத்து அழுத்தும் கருவி), அறை வெப்பநிலையில் ஏற்றிய அழுத்தத்தையே வரைபடத்தில் எழுதிவிடுவது பரவலான பழக்கம். குளிரும்போது உள்ளிருக்கும் திரவம் உறைந்து சுருங்குகிறது, அழுத்தமும் குறைகிறது. கூடவே ஒரு ஈயத் துண்டை வைத்து அது மீகடத்தியாகும் (மின்தடை அறவே மறையும்) வெப்பநிலையைப் பாருங்கள். அழுத்தம் இல்லாதபோது அது 7.2 கெல்வின், ஒவ்வொரு ஜிகாபாஸ்கலுக்கும் 0.4 கெல்வின் அளவுக்கு இறங்கும். ஆனால் காந்தப்புலமும் அதைக் கீழே இழுக்கும். அளவீட்டுக் கருவியின் காந்தத்தில் 20 ஓயர்ஸ்டெட் (புலத்தின் அலகு) எஞ்சியிருந்தாலே சுமார் 0.2 ஜிகாபாஸ்கல் கூடுதலாகக் காட்டும். ஆகவே ஈயத்தை அளக்கும் முன் புலத்தை மாறிமாறித் திருப்பிக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.