ஒரே நாளில் பாரதப்புழை

கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன் என்பதால், பாரதப்புழை ஆற்றைக் காட்டச் சொல்லிப் பொள்ளாச்சி உறவினர்கள் என்னிடம்தான் வருவார்கள். ஒரு சித்திரையில் மைத்துனரை ஒற்றப்பாலத்துக்கு அழைத்துப்போனேன். மணலையும் புதரையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆறு எங்கே மாப்பிள்ளை?" என்றார். அதனால் சொல்கிறேன், ஐப்பசியில் வாருங்கள். ஆடி வெள்ளத்தில் படித்துறையில் கால் வைக்க முடியாது.

காலையில் சித்தூர் தெக்கே கிராமத்தில் தொடங்குங்கள். மலையாளத்துக்கு ராமாயணம் தந்த எழுத்தச்சனின் குருமடம் அங்கே இருக்கிறது. அதை ஒட்டி ஓடும் பாரதப்புழையின் கிளையாற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். பெயர்தான் அப்படி, தண்ணீர் குறைந்த ஆண்டில் எங்களுக்குச் சோகமே அதுதான். தமிழ்நாடும் கேரளமும் செய்த பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவு தடுப்பணையில் எங்களுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். வராவிட்டால் டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது.

அடுத்து கல்பாத்தி. 'காசியில் பாதி கல்பாத்தி' என்பார்கள். அக்ரகாரம் முடியும் இடத்தில் விசுவநாதர் கோயில், அதற்குக் கீழே ஆறு. ஐப்பசிக் கடைசியில் தேர் ஓடும். அந்த நாட்களில் ஆறு தெரியாது, தலைகள்தான் தெரியும். இந்தக் கிளையும் சித்தூர்க் கிளையும் பறளியில் சேர்கின்றன.

ஒலவக்கோட்டில், அதாவது பாலக்காடு சந்திப்பில், கோழிக்கோடு போகும் ரயிலில் இடதுபக்க சன்னலைப் பிடியுங்கள். குற்றிப்புறம்வரை ஆறு விட்டுவிட்டு அந்தப் பக்கமே வரும். நேரமிருந்தால் சொரனூரில் இறங்கிப் பாலம் கடந்தால் செறுதுருத்தி. மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1930-இல் தொடங்கிய கலாமண்டலம் என்ற கதகளிப் பள்ளி இருக்கும் ஊர்.

குற்றிப்புறத்தில் இறங்கித் திருநாவாய்க்குப் போங்கள். நம்மாழ்வார் பாடிய தலம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாமாங்கத் திருவிழா நடந்ததும், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியை வெட்டச் சாவேர்கள் என்ற வீரர்கள் சாகத் துணிந்து வந்ததும் இங்கேதான். 1948-இல் காந்தியின் அஸ்தியையும் இங்கே கரைத்தார்கள். நவாமுகுந்தன் கோயில் படித்துறையில் சற்று உட்காருங்கள். ஈர வேட்டியோடு வருபவர்கள் பிண்டத்தை வாழையிலைத் துண்டில் வைத்துத் தலையில் ஏந்தி ஆற்றில் இறங்குவார்கள். அப்பாவுக்குக் கொடுக்கப்போனபோது தண்ணீர் எனக்கு முழங்கால்வரைதான். உட்கார்ந்துதான் முங்கினேன்.

வெயில் தாழ்வதற்குள் ஆறு கடலில் சேரும் பொன்னானி அழிமுகத்துக்குப் போய்விட்டால் கடலையும் பார்த்துவிடலாம். மைத்துனரை மறு ஐப்பசியில் மீண்டும் கூட்டிப்போனேன். குற்றிப்புறம்வரை சன்னல் இருக்கையை அவர் யாருக்கும் விடவில்லை, எனக்கும்கூட.