காம்பராவில் ஒலிப்பதிவு: ஸ்பொஞ்சுக்குக் காசைக் கொட்டாதீர்கள்

போன மாதம் ஹட்டன் பக்கம் ஒரு தம்பியின் வீட்டுக்குப் போனேன். லயக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) ஒன்றைப் பாட்டுப் பதிவு செய்யும் அறையாக்கி, நாலு சுவரிலும் கறுப்பு ஸ்பொஞ்ச் ஒட்டியிருந்தான். "அண்ணே, இவ்வளவு செலவழிச்சும் பானைக்குள்ள பாடுற மாதிரியே கேக்குது" என்றான். 11 வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலை. வீட்டு அறையில் பதிவு செய்பவர்கள் இப்படி விடும் பிழைகளைத்தான் இங்கே சொல்கிறேன். ஃபோனை சைலன்டில் போடுவது போன்றவை இரண்டு நாளில் தானாக விளங்கிவிடும், அவற்றை விடுகிறேன்.

சுவர் முழுக்க மெல்லிய ஸ்பொஞ்ச்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. அம்மா கொழுந்து பறித்துக் கட்டிய சீட்டுக் காசில் ஒரு அங்குல ஸ்பொஞ்ச் வாங்கி ஒட்டி, கை தட்டிப் பார்த்தேன். எதிரொலி இல்லை, சரி, ஸ்டூடியோ ஆகிவிட்டது என்று நம்பினேன். கைதட்டலில் ட்ரெபிள், அதாவது கீச்சான சத்தம்தான் அதிகம், மெல்லிய ஸ்பொஞ்ச் விழுங்குவதும் அதைத்தான். பேஸ், அதாவது தாழ்ந்த முழக்கம், அப்படியே நிற்கும். காற்று அசைந்து உள்ளே உராய்ந்தால்தான் ஸ்பொஞ்சுக்கு வேலை; சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை எனலாம். அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் அசைவு அதிகம், 100 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 100 அதிர்வு, பேஸ் சத்தம்) அது சுமார் 86 சென்ரிமீற்றர். ஒரு அங்குலம் எந்த மூலைக்கு?

என் காம்பரா 10 அடிக்கு 10 அடி. அந்த அளவு அறை 56, 113 ஹெர்ட்ஸில் சேர்ந்து முழங்கும், நீளமும் அகலமும் ஒன்றென்பதால் இரண்டு பக்கமும் ஒரே சுரத்தில். ஆண் குரலின் அடிச்சுரம் அந்த 113க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ட்ரெபிள் செத்து இது மட்டும் மிஞ்சினால் பானைச் சத்தம்தான் வரும்.

போதாததற்கு நம் ஊர் ஈரம். குளிர்ந்த வெளிச்சுவரில் ஒட்டியதால் பின்னால் தண்ணீர் கோத்து, ஒரு மழைக்காலம் முடியுமுன் பூஞ்சணம் பிடித்தது. கழற்றினால் பசையோடு சுவர்ப் பூச்சும் வந்தது.

அந்தக் காசில் 4 அங்குல ரொக்வூல் (கல்லை உருக்கி இழுத்த நார்ப் பலகை) வாங்கி, மரச்சட்டத்தில் வைத்துத் துணி போர்த்தி, மூலைகளில் குறுக்காக, பின்னால் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், தூசு அரிக்கும். அதுவும் கட்டாது என்றால், வீட்டில் இருக்கும் தடித்த கம்பளி இரண்டைப் பாடுபவரின் முதுகுப் பக்கம், சுவரிலிருந்து அரை அடி தள்ளித் தொங்கவிடுங்கள். மைக் நேராகப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். பேஸை இது தீர்க்காது, ஆனால் குரல் தெளியும். தம்பியின் வீட்டில் இரண்டு சுவர் ஸ்பொஞ்சைக் கழற்றி இதைத்தான் செய்தோம், அன்றைக்கே வித்தியாசம் கேட்டது.

முட்டை அட்டை

வேண்டாம். பேஸைத் தொடாது, தீப்பிடித்தால் சுவரே எரியும்.

அறை நடுவில் நிற்பது

சதுர அறையில் அந்த 113 உச்சமாக முழங்கும் இடங்களில் நட்ட நடுவும் ஒன்று. தப்பு மேளம் அடித்துப் பதிவு செய்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது, நடுவில் அடித்தால் சத்தம் ஊதிப் பெருத்து விரல் அடியே கேட்கவில்லை. தாழ்ந்த சுரம் ஒன்றை முனகிக்கொண்டே சுவரை நோக்கி எட்டெட்டாக நகருங்கள், முழக்கம் அடங்கும் இடத்தில் மைக்கை வையுங்கள். என் அறையில் அது சுவரிலிருந்து இரண்டரை அடி.

தகரத்தில் மழை

எந்த ஸ்பொஞ்சும் நிறுத்தாது. வெளிச்சத்தத்தை மறிக்கப் பாரம் வேண்டும், அது கூரையையே மாற்றும் வேலை. மார்ச், ஏப்ரலில் இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான், காலையிலேயே பாடி முடித்துவிடுங்கள்.