பழைய காரில் பேர் தெரியாத ஓட்டைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். தாத்தா வைத்திருந்த பிரீமியர் பத்மினியைப் பெயிண்ட் முழுக்க உரித்து வெறும் தகரமாக நிறுத்தியிருக்கிறானாம். "அண்ணே, பாடி பூரா ஓட்டையா இருக்கு. நாளைக்கு டிங்கர் கேஸ் வெல்டு செட் எடுத்துட்டு வராரு. ஒரே நாள்ல எல்லாத்தையும் அடைச்சிடலாம்னு சொல்றாரு" என்றான். மறுநாள் காலை டிங்கருக்கு முன்னால் நான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவனைக் குறை சொல்லவில்லை. 2011-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் ஷெட்டில் நானும் இதையேதான் செய்தேன். அதன் பிறகு பார்த்த புதியவர்கள் எல்லாரும், வரிசையில் நின்று டோக்கன் வாங்கிய மாதிரி, அதே தவறையே செய்கிறார்கள். கழற்றும்போது படம் எடு, நட்டு போல்ட்டை டப்பாவில் போட்டுப் பேர் எழுது, பேட்டரியைக் கழற்று என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அதை யாரும் சொல்வார்கள்.

ஓட்டை என்றாலே பழுது என்று நினைப்பது

ஐம்பது வருஷப் பழைய காரின் பாடியை எண்ணிப் பார்த்தால், சின்னதும் பெரிதுமாக நூற்றைத் தாண்டி ஓட்டை இருக்கும். துரு தின்றது அதில் கொஞ்சம்தான். மீதி எல்லாம் யாரோ ஒருவர் காரணத்தோடு போட்டது. வயர் போக, பிரேக் பைப் போக, கேபிள் போக ஓட்டை உண்டு. பீடிங் என்கிற அலங்காரப் பட்டையையும் வண்டிப் பேர் எழுத்துகளையும் கிளிப்பில் மாட்ட ஓட்டை உண்டு. உள்ளே கையை விட்டு ஒரு நட்டை முடுக்க மட்டும் கை அகலத்துக்கு ஓட்டை இருக்கும். தகடுகளை ஜிக் என்கிற பிடிச்சட்டத்தில் ஒன்றோடு ஒன்று சரியாக உட்கார வைத்து வெல்டு செய்வதற்காகவே ஃபேக்டரியில் போட்ட ஓட்டையும் உண்டு. வண்டி ஃபேக்டரியை விட்டு வெளியே வந்ததும் அதற்கு வேலை முடிந்துவிட்டது. இன்னும் சிலது இந்த நாட்டுக்கே உரியதல்ல. இடது கை ஸ்டியரிங், வலது கை ஸ்டியரிங் இரண்டுக்கும் ஒரே தகட்டை அடிக்கும் கம்பெனிகள், இரண்டு பக்கமும் ஓட்டையைப் போட்டுவிட்டு, வேண்டாத பக்கத்தை மூடி அனுப்புவார்கள். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் இந்த வகையை முதலில் தேடுங்கள்.

இதற்கெல்லாம் மேலே முன்னாள் ஓனர்களின் கைவண்ணம் இருக்கும். ரேடியோ ஏரியல், ஃபாக் லைட், கேரியர், பின்னால் போட்ட ஏசி என்று ஒவ்வொருவரும் டிரில்லை எடுத்திருப்பார்கள். சர்க்கார் உத்தியோகம் பார்த்த அம்பாசடர் என்றால் கூரையில் சிவப்பு விளக்கு நின்ற ஓட்டையும், ஜன்னலுக்கு மேலே திரைக் கம்பியின் ஓட்டையும் இருக்கும். பானெட்டில் கொடிக்கம்பி நின்ற ஓட்டை இருந்தால், என் வண்டியாக இருந்தால் அதை அடைக்கவே மாட்டேன். அது அந்த வண்டியின் சர்வீஸ் ரெகார்டு.

நிழலை உரித்துவிடுவது

தம்பி செய்த முதல் தவறு இதுதான். பெயிண்ட் இருக்கும்போதே ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பார்த்திருக்க வேண்டும். அங்கே ஏதாவது மாட்டியிருந்தால், அது மறைத்த இடத்தில் பெயிண்ட் வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கும். வட்டமாக இருந்தால் ஏரியலின் அடிப்பகுதி, நீளமாக இருந்தால் பீடிங், இரண்டு சின்னச் சதுரம் என்றால் ஏதோ ஒரு பிராக்கெட். ஒரு ஓட்டையின் பேரை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. பெயிண்ட் ரிமூவர் தடவிய ஐந்தாவது நிமிடம் அந்த நிழல் போய்விடும்.

விளிம்பைத் தடவாமல் முடிவு செய்வது

நிழல் போய்விட்டால் விளிம்பு பேசும். ஃபேக்டரியில் பிரஸ்ஸில் குத்திய ஓட்டையை விரலால் தடவினால், ஒரு பக்கம் வழுவழுவென்று லேசாக உள்ளே சரிந்திருக்கும், மறுபக்கம் சின்னதாகச் சிலிர்த்திருக்கும். டிரில் போட்டதில் விளிம்பு கரடுமுரடாக இருக்கும், வட்டமும் சுத்தமாக இருக்காது, பக்கத்திலேயே டிரில் வழுக்கிய கீறலும் இருக்கலாம். ஓட்டையின் கனத்துக்குள்ளே, அந்த முக்கால் மில்லிமீட்டர் சுவரில், பழைய பிரைமர் ஒட்டியிருந்தால் அது பெயிண்ட் ஷாப்புக்குப் போகும் முன்பே இருந்த ஓட்டை. வெறும் துருவாக இருந்தால் பிறகு வந்தது. பின்னால் நட்டு வெல்டு செய்திருந்தால் கேள்வியே இல்லை, கம்பெனி வேலை.

அளவும் உதவும். பத்மினி இத்தாலியில் ஃபியட் 1100 ஆகப் பிறந்தது, அதனால் மில்லிமீட்டர் கணக்கு. அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது, இன்ச் கணக்கு. பத்மினியில் சரியாகக் கால் இன்ச் ஓட்டை ஒன்று தனியாக நின்றால் எனக்கு முதலில் சந்தேகம் வரும்.

இடது பக்கம் ஒன்று இருந்தால் வலது பக்கம் அதே இடத்தில் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். ஜோடியாக இருந்தால் பெரும்பாலும் ஒரிஜினல்.

அடிப்பக்க ஓட்டையை வெல்டு வைத்து அடைப்பது

இதைப் பற்றி எழுதும்போது இன்னும் எனக்குக் கை பரபரக்கிறது.

2011-இல் நான் முதல்முதலாக முழுதாகச் செய்த வண்டியும் பத்மினிதான், 1979 மாடல். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, நாம் சில் என்கிறோமே, அதன் அடிப்பக்கத்தில் நீள்வாக்கில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. சிலது சேறு ஏறி அடைத்துக் கிடந்தது, சிலதின் விளிம்பைத் துரு கடித்திருந்தது. டிங்கர் படுத்துக்கொண்டே கேட்டார், "இதையும் அடைச்சிடவா?" அவர் கேட்டார், அதை மறுக்க முடியாது. நான்தான் பெரிய இவன் மாதிரி, "அடைச்சிடுங்க, கீழ வழவழன்னு இருக்கணும்" என்றேன். கதவுகளின் அடி மடிப்பில் இருந்ததையும் அதே சூட்டில் அடைத்தோம். கேஸ் வெல்டு, கிரைண்டர், மேடு பள்ளத்தை நிரவும் பட்டி, அதன் மேல் அடிப்பக்கத்தைக் காக்கும் கறுப்பு அண்டர்கோட். கீழே குனிந்து பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

அந்த ஓட்டைகள் எதற்கு என்பதைக் கதவிலிருந்து தொடங்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீர் முழுவதும் வெளியே போவதில்லை. கண்ணாடியோடு ஒட்டி இருக்கும் ரப்பரைத் தாண்டி ஒரு பங்கு கதவுக்குள்ளேயே இறங்கும். புது வண்டியிலும் அப்படித்தான், வடிவமைப்பே அதுதான். இறங்கிய தண்ணீர் கதவின் அடி ஓட்டை வழியாக வெளியே போகும். சில்லுக்குள்ளும் தகட்டு இணைப்புகள் வழியாகவும், ராத்திரி குளிர்ந்து காலையில் வியர்க்கும் ஈரத்தாலும் தண்ணீர் சேரும். அடியில் ஓட்டை இருந்தால் அது வடியும், அதே ஓட்டை வழியாகக் காற்றும் போய் உள்ளே உலரும். அடைத்துவிட்டால் அது மூடி போட்ட தொட்டி.

வெல்டு இன்னொரு கேட்டையும் செய்கிறது. வெளிப்பக்கம் ஜுவாலை காட்டும்போது, உள்பக்கம் இருக்கும் பழைய பிரைமரும் கருகி உதிர்ந்துவிடும். வெளியே திரும்பப் பெயிண்ட் அடிக்கலாம், உள்ளே எப்படி அடிப்பீர்கள்? தண்ணீர் தேங்கும் இடத்தில் நாமே தகரத்தை நிர்வாணமாக்கி வைக்கிறோம்.

அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை முடியும் நேரத்தில், டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. ஷெட் கூரை போனது, வண்டி மழையில் நின்றது. வெயில் வந்ததும் துடைத்துவிட்டு, தப்பித்தது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து பிரேக் அடித்தால் எங்கேயோ களக் களக் என்று சத்தம். பெட்ரோல் டேங்க் என்று நினைத்து அதைக் கழற்றிப் பார்த்தேன் என்றால் என் அறிவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடல் காற்று ஊரில் உப்புத் தண்ணீர் சில்லுக்குள் மாசக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

2013 கோடையில் கதவுக்குக் கீழே பெயிண்டில் மிளகு அளவுக்குக் கொப்புளங்கள் எழும்பின. அடுத்து வலது பின்கதவு மூட முரண்டு பிடித்தது. தூக்கி மூட வேண்டியிருந்தது. கீல் தேய்ந்துவிட்டது என்று கீலை மாற்றினேன். ஜாக்கி வைத்துத் தூக்கியபோது சில் நொறுக்கென்று உள்ளே போனது. உளியால் ஒரு ஓரத்தைத் திறந்தேன். கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் ஒரு சொம்பு அளவுக்குக் கொட்டியது, அதோடு அப்பளம் மாதிரி துருச் செதில்கள். பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் சட்டம், சில்தான் அதன் இடுப்பெலும்பு. இடுப்பு போனதால் கதவுச் சட்டம் இறங்கிவிட்டது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் செய்த ஹெரால்டு மாதிரி தனி சேசிஸ் மேல் போல்ட்டில் உட்காரும் பாடி என்றால் இவ்வளவு அடி பட்டிருக்காது. இரண்டு பக்கச் சில், இரண்டு கதவின் அடி, கூடவே மறுபடி முழுப் பெயிண்ட். முதல் தடவை பாடி வேலைக்கு ஆனதைவிடக் கூடுதலாக ஆனது. அப்போது அடைக்க ஆன கேஸ் செலவு சில நூறு ரூபாய்தான் இருக்கும்.

இன்றைக்கும் ஒருவர் தன் வண்டியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து, "எப்படி, கண்ணாடி மாதிரி இருக்கா?" என்று அனுப்பினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கண்ணாடி மாதிரி இருந்தால் தண்ணீர் எங்கே போகும், அண்ணாச்சி?

சந்தேகம் இருந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் போதும். வெல்டுக்கு முன்னால், ஜன்னல் இடுக்கில் மெதுவாக ஊற்றிவிட்டு, கீழே எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். சொட்டும் இடம் எல்லாம் தொடக்கூடாத இடம். தண்ணீர் ஊற்ற முடியாத பெட்டிகளுக்கு ஊதுபத்தி. ஒரு ஓட்டையில் கம்ப்ரஸர் காற்றைக் குறைவாக விட்டு, மற்ற ஓட்டைகளிடம் பத்தியைக் காட்டினால், எது எதோடு சேர்ந்தது என்று புகை ஆடிக் காட்டிவிடும். பெட்ரோல் டேங்க் பக்கம் இந்த வித்தை வேண்டாம்.

தண்ணீருக்கும் புகைக்கும் பதில் சொல்லாத ஓட்டை இருந்தால் ரப்பர் மூடி போடுங்கள். நாளைக்கு அதன் பேர் தெரிந்தால் ஒரு இழுப்பில் வந்துவிடும்.

பட்டி வைத்து மூடுவது

வேண்டாம்.

பக்கத்து வண்டியைப் பார்த்து ஒரிஜினல் என்று நம்புவது

முன் கண்ணாடிக்குக் கீழே, இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை உள்ள பத்மினி ஒன்று திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. புதுச்சேரியில் இன்னொன்றிலும் அதே இடத்தில் அதே இரண்டு. இரண்டையும் பார்த்த ஒரு நண்பர், தன் வண்டியில் அது இல்லை என்று கவலைப்பட்டு, டிரில் எடுத்துப் புதிதாகப் போட்டுக்கொண்டார். அந்த இரண்டு வண்டியும் பம்பாயில் டாக்சியாக ஓடி வந்தவை. அந்த ஊர் பத்மினி டாக்சிகளுக்கு மீட்டர் வெளியே, இடது முன்பக்கம்தான் உட்கார்ந்திருந்தது. நண்பர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியில் மீட்டருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

மூன்று வண்டியாவது பாருங்கள், அவை மூன்றும் வெவ்வேறு பிழைப்புப் பிழைத்தவையாக இருக்கட்டும். சென்னை புதுப்பேட்டையில் கழித்துப் போட்ட துண்டுகளைப் பார்ப்பதும் நல்லது. அங்கே பாடியை அறுத்து வைத்திருப்பார்கள், ஓட்டையின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று நேராகவே தெரியும்.

கால் மிதிக்கும் தரையை ஒரே தகடாகப் போட்டுவிடுவது

மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இது. அதில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்குள் இல்லை, டிரைவர் காலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிறது. பிரேக் ஆயில் ஊற்ற மேட்டை விலக்கி, தரையில் உள்ள ஓட்டை வழியாகத்தான் திறக்க வேண்டும். துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துவிட்டு, ஓட்டை இல்லாத புதுத் தகட்டை அழகாக வெல்டு செய்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். பெயிண்ட், மேட் எல்லாம் முடிந்த பிறகு ஓனர் கேட்டார், "ஆயில் எங்கங்க ஊத்துறது?"

வெட்டுவதற்கு முன் பழைய தரையை அட்டையில் வரைந்து, ஓட்டைகளோடு எடுத்து வையுங்கள்.

ரப்பர் மூடியைத் தூக்கிப் போடுவது

ஓட்டையிலிருந்து கழற்றிய பழைய மூடி காய்ந்து உடைந்திருந்தாலும் டப்பாவில் வையுங்கள். அதுதான் அளவு.

அண்டர்கோட் அடித்த பிறகு எண்ணாமல் விடுவது

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசி நாளில் கறுப்புக் கோட் அடிப்பவர் அத்தனை ஓட்டையையும் தாரில் மூடிவிடுவார். அவர் தப்பில்லை, அவர் வேலை அடிப்பது. அடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு வடிகால் ஓட்டையிலும் ஒரு வேப்பங்குச்சியைச் செருகி வையுங்கள், கோட் பாதி காயும்போது திருகி எடுங்கள். முன்னதாகவே எத்தனை என்று நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

அரியாங்குப்பம் தம்பி எழுதியிருந்தான். கதவுகளுக்கு எட்டு, சில்லுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து, டிக்கிக்கு இரண்டு, ஆக மொத்தம் இருபது. நேற்று குச்சிகளைப் பிடுங்கி எண்ணினோம். பத்தொன்பது. டார்ச்சை வாங்கிக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விட்டான்.