திரும்பத் திரும்பச் சீழ் கட்டினால்: வால்குடல் நீர்க்கட்டியைக் கண்டுபிடிப்பதும் எடுப்பதும்

மலவாசலுக்குப் பின்பக்கம் கீறிய இடத்திலேயே மூன்றாம் தரமும் சீழ் கட்டினால், மல்லாவியானாலும் முல்லைத்தீவானாலும், திரும்பக் கீற முன் யோசியுங்கள். பவுத்திரம் என்று அனுப்பப்படுபவர்களில் ஒருசிலருக்கு இருப்பது வால்குடல் நீர்க்கட்டி. கருவின் வாலுக்குள் நீளும் குடல் எட்டாம் கிழமையளவில் மறைய வேண்டும். மறையாத மிச்சம் நேர்குடலுக்கும் அதன் பின்னுள்ள இடுப்பெலும்பான திருவென்புக்கும் நடுவே வளரும். நடுவயதுப் பெண்களிலேயே கூட. "கதிரையில இருக்கேலாது, நாரி உளையுது, மலம் ஒடுங்கிப் போகுது" என்பார்கள். பாதிப்பேருக்கு ஒன்றுமே தெரியாது.

வெட்கத்துக்காக விரல் பரிசோதனையை விடாதீர்கள். தாதி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பின்சுவரை வாலென்பு நுனியிலிருந்து மேலே தடவினால், வழுக்கி நகரும் உட்சவ்வுக்குப் பின்னால் மெத்தென்ற வீக்கம் தட்டுப்படும். மேல் விளிம்பு விரலுக்கு எட்டுகிறதா என்று குறித்துவையுங்கள்.

மாதிரி எடுக்க ஊசி குத்தவே வேண்டாம். வீக்கம் முள்ளந்தண்டு உறையின் பிதுக்கமாக இருந்தால் மூளையுறை அழற்சி வரும். நீர்க்கட்டியே என்றாலும் கிருமி புகும். புற்று இருந்தால் ஊசிப் பாதையில் பரவும்.

எம்.ஆர்.ஐ.தான் வழிகாட்டி. ஆனால் வன்னியில் முதல் கேள்வி, "உடம்பில செல் பீஸ் (போரில் பாய்ந்த எறிகணைத் துண்டு) கிடக்கோ?" இல்லை என்றாலும் தழும்பு கண்டால் எக்ஸ்ரே எடுங்கள். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் அருகே கிடக்கும் இரும்புத் துண்டு காந்தத்தில் அசையலாம். எம்.ஆர்.ஐ. ஆகாதென்றால் சீ.ரி. படத்தில் பல அறைகள் தெரியும். சுவர் ஓரிடத்தில் தடித்துச் சாயம் ஏறினால் புற்றைச் சந்தேகியுங்கள். சீழ் இருந்தால் முதலில் வடித்து, அழற்சி தணிந்த பிறகே கட்டியை எடுங்கள்.

கட்டி முழுதும் மூன்றாம் திருவென்பு முள்ளெலும்புக்குக் கீழே இருந்தால் பின்வழி, முழுதும் மேலே இருந்தால் வயிற்றுவழி, மேலும் கீழும் நீண்டால் இரண்டும். பின்வழியில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பை உயர்த்தி, பிட்டங்களை பிளாஸ்டரால் விலக்குங்கள். கட்டி ஒட்டியிருந்தாலோ இடம் போதாவிட்டாலோ வாலென்பையும் எடுங்கள். இரட்டைக் கையுறையோடு இடதுகை விரலை நேர்குடலுக்குள் விட்டுக் கட்டியைக் காயத்தை நோக்கித் தள்ளினால், கத்தரிக்கும் விரலுக்கும் நடுவே எவ்வளவு சுவர் மிச்சமென்று விரலே சொல்லும். குடல் கிழிவது இங்கேதான். கட்டி உடைந்தால் உட்தோலில் ஒரு துணுக்கும் விடாதீர்கள். விட்டது திரும்ப வளரும்.

எடுத்ததும் காயத்தில் சேலைன் நிரப்பி, நேர்குடலுக்குள் காற்று ஊதுங்கள். குமிழி வந்தால் ஓட்டையை இரண்டு அடுக்காகத் தையுங்கள். கட்டியை வெட்டாமல் முழுதாக ஃபோர்மலினில் போட்டு, மேல், கீழ்ப் பக்கங்களை நூலால் அடையாளமிட்டு அனுப்புங்கள். ஒரே ஓர் அறையின் சுவரில்கூடப் புற்று ஒளிந்திருக்கலாம்.