உங்கள் இரு காதுகளின் நுணுக்கத்தை ஆடாசிட்டியில் நீங்களே சோதிக்கலாம்

உங்களுக்கு நேர் வலப்பக்கம் ஒருவர் கைதட்டினால், அந்தச் சத்தம் வலக்காதை எட்டிச் சுமார் 650 மைக்ரோநொடி கழித்துத்தான் இடக்காதுக்குப் போகும். மைக்ரோநொடி என்றால் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நேர் எதிரிலிருந்து வரும் ஒலி என்றால், பழகிய காது இதில் வெறும் 10 மைக்ரோநொடி வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடும். உங்கள் காது எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கணினியில் ஆடாசிட்டி (Audacity) என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் இருக்கட்டும். ஹெட்ஃபோன் கம்பி வைத்ததாக இருந்தால் நல்லது. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்புவதால் இந்த வேலைக்கு நான் அதை நம்புவதில்லை. ஸ்பீக்கர் சரிப்படாது, இரண்டின் சத்தமும் இரு காதுக்கும் போய்விடும்.

1. முதலில் ப்ராஜெக்ட் ரேட்டை, அதாவது ஒரு நொடிக்கான ஒலி அளவீடுகளின் (சாம்பிள்) எண்ணிக்கையை, 96000 ஆக்குங்கள். 44100-இல் ஒரு சாம்பிளே 22.7 மைக்ரோநொடி, நமக்கு அது முரட்டு அளவு. 96000-இல் 10.4தான்.

2. மோனோ (ஒற்றைத் தட) டிராக் ஒன்றில் வெள்ளை இரைச்சலை, அதாவது எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'உஸ்ஸ்' சத்தத்தை, மூன்று நொடிக்கு உருவாக்குங்கள். ஆம்ப்ளிட்யூட் (ஒலி அலையின் உயரம்) 0.2 போதும், காது பத்திரம்.

3. பலரும் சறுக்கும் இடம் இதுதான். இன்னொரு டிராக்கிலும் ஜெனரேட் மெனுவுக்குப் போய்ப் புது இரைச்சல் உருவாக்கக் கூடாது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு இரைச்சல். மூளைக்கு ஒப்பிட எதுவும் கிடைக்காமல், சத்தம் தலை முழுக்கப் பரவிக் கிடக்கும். முதல் டிராக்கையே டூப்ளிகேட் செய்யுங்கள். அப்புறம் ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளுங்கள். இப்போது சத்தம் தலைக்கு நட்டநடுவில் ஊசிபோல நிற்க வேண்டும். நிற்கவில்லையா? மேலே போகாதீர்கள்.

4. இடது டிராக்கின் தொடக்கத்தில் மட்டும் 60 சாம்பிள் மௌனம் செருகுங்கள். நேர அளவைச் சாம்பிளுக்கு மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். சத்தம் வலக்காதுப் பக்கம் ஓடிவிடும். அன்டூ செய்துவிட்டு 30, 10, 5, 2, 1 எனக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

5. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எந்த டிராக்கில் மௌனம் என்பதை வேறொருவர் முடிவு செய்யட்டும். திரையைப் பார்த்தால் காது கண் சொன்னதையே சொல்லும்.

பிற்சேர்க்கை: எதுவுமே நகரவில்லை என்று கேட்டவர்களுக்கு: கணினியின் அணுகல்தன்மை அமைப்பில் 'மோனோ ஆடியோ' இயங்குகிறதா என்று பாருங்கள். அதுதான் இரண்டையும் கலந்துவிடுகிறது.

இன்னொன்று: இரைச்சலுக்குப் பதில் 4000 ஹெர்ட்ஸ் தூய ஒலியை (ஒரே அதிர்வெண் கொண்டது) வைத்து, தொடக்கத்தை ஃபேட் இன் செய்தபோது (மெல்ல மெல்லச் சத்தம் கூட்டியபோது) நகரவில்லை என்கிறார் ஒருவர். நகராதுதான். ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் தூய ஒலியின் அலை முந்திப் பிந்தி வருவதை மூளையால் ஒப்பிட முடிவதில்லை. அங்கே எந்தக் காதில் சத்தம் அதிகம் என்பதே திசையைச் சொல்கிறது. 1907-இலேயே இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு இந்த இரட்டை வழியை விளக்கிவிட்டார். சோதிக்க வேண்டுமானால் மௌனத்தை எடுத்துவிட்டு, ஒரு டிராக்கின் ஒலியளவை 3 டெசிபல் குறையுங்கள், நகரும்.